“உங்க பொண்ணு செலக்ட் ஆயிட்டா... பணம் எப்போ கட்டுறீங்க?”

குழந்தை நட்சத்திரம் ஆக்குவதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்கள், பேரத்தை எப்போதும் குழந்தையை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். அவர்களுடைய பலமே அதுதான்.

தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் இரண்டாவது மாடியில் ஓர் அலுவலகம். உள்ளே ஏசி. சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். மூலையில் ரிங் லைட், பின்னால் பச்சைத் திரை. ஆறு வயதுப் பெண் குழந்தையைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, பெயர் சொல்லச் சொல்கிறார்கள். அழுவது போல, சிரிப்பது போல நடித்துக்காட்டச் சொல்கிறார்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு ஸ்டெப். “சூப்பர் பாப்பா!” என்று அங்கே இருக்கும் நாலு பேரும் கைதட்டுகிறார்கள். குழந்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஐந்து நிமிடத்தில் பெற்றோரை உள்ளறைக்கு அழைக்கிறார்கள். குழந்தை அம்மா மடியில்.

“இன்னிக்கு வந்த அத்தனை பேர்ல மூணு பேரைத்தான் எடுத்திருக்கோம் மேடம். அதுல உங்க பொண்ணும் ஒண்ணு. கேமரா ஃபேஸ். விட்டுடாதீங்க.”

பிறகு ஒரு ஃபைலைத் திறக்கிறார்கள். ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் இவ்வளவு, போர்ட்ஃபோலியோ ஷூட் இவ்வளவு, ஆக்டிங் கிளாஸ் மூன்று மாதத்துக்கு இவ்வளவு. “ஃபுல் பேமென்ட் இன்னிக்கே பண்ணா டிஸ்கவுன்ட். நாளைக்கு இந்த ஸ்லாட் இருக்காது.” தொகையைக் கேட்டு அப்பா அமைதியாகிறார். குழந்தை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. ‘நான் செலக்ட் ஆயிட்டேன்’ என்பது மட்டும்தான் அதற்குப் புரிந்திருக்கிறது. அந்தப் பார்வைக்கு முன்னால் “வேண்டாம், வா போகலாம்” என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவோம் என்று தோன்றுவது அந்த நொடியில்தான்.

குறிப்பிட்ட ஓர் அலுவலகத்தைப் பற்றி நான் இங்கே சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், போர்டு மாறும், போன் நம்பர் மாறும். முறை மட்டும் மாறாது. சென்னையில் நடப்பதுதான் மும்பையிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் நடக்கிறது.

அடுத்த கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டிய பிறகு போட்டோஷூட் நடக்கும். அதை நடத்தாமல் விடமாட்டார்கள், ஏனென்றால் பின்னால் புகார் வந்தால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம். ஆல்பம் வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து, “ஒரு பெரிய பிராண்டுக்கு பாப்பா ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கா, காஸ்ட்யூமுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புங்க” என்று போன் வரும். பிறகு ‘சங்க கார்டு’ எடுக்க ஒரு தொகை. பிறகு ‘ஃபைனல்ஸ்’. பெரும்பாலும் அது ஏதாவது ஒரு ஹாலில் நடக்கும் ராம்ப் வாக். வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு சாஷ், ஒரு கிரீடம், லேமினேட் செய்த ஒரு சான்றிதழ். பார்க்க வரும் தாத்தா பாட்டிக்கும் டிக்கெட். சில குழந்தைகளுக்கு யூடியூப் ஆல்பம் பாட்டு ஒன்றில் கூட்டத்தோடு நிற்க வாய்ப்புக் கிடைக்கும். அடுத்து வரும் பெற்றோரிடம் காட்டுவதற்கு அந்த வீடியோ போதும்.

கடைசியில் போனை எடுக்கமாட்டார்கள். நேரில் போய்ச் சண்டை போட்டால் ரசீதைக் காட்டுவார்கள். ரசீதில் ‘நடிப்பு வாய்ப்பு’ என்று ஒரு வார்த்தையும் இருக்காது. ‘போட்டோகிராபி மற்றும் பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்றுதான் இருக்கும். வாயால் சொன்னது சினிமா, தாளில் எழுதியது போட்டோ ஸ்டூடியோ. காவல் நிலையத்துக்குப் போனால், “சர்வீஸ் குடுத்திருக்காங்களே, இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்ப அந்த ரசீதே வழி செய்துவிடுகிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் ஆத்திரம் வரும் இடம் இதுதான். தாங்கள் செய்வது என்ன என்று தெரிந்தேதான் அந்த ரசீதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

முகவரி தரும் நம்பிக்கை

ஏன் தியாகராய நகர்? வாடகை குறைவு என்பதற்காக இங்கே யாரும் கடை போடுவதில்லை. இந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நடிகர் சங்கம் இருப்பது இங்கே, அபிபுல்லா சாலையில். எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இங்கே. சிவாஜி கணேசன் வாழ்ந்த வீடு இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். கோடம்பாக்கம் பாலத்தைத் தாண்டினால் வடபழனி, சாலிகிராமம். கள்ளக்குறிச்சியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ விளம்பரம் பார்த்துவிட்டுப் பேருந்தேறி வரும் ஒரு குடும்பத்துக்கு, ‘தி.நகர் ஆபீஸ்’ என்றாலே பாதி சந்தேகம் தீர்ந்துபோகிறது.

இடத்தின் கௌரவத்தைத் தன் கௌரவமாகக் காட்டும் தந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கில் ஒரு தனியார் அமைப்பு விழா எடுத்து, நடிகர் வடிவேலு, இசையமைப்பாளர் தேவா உட்படப் பலருக்கும் ‘கௌரவ டாக்டர் பட்டம்’ கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அரங்கம் மட்டும்தான் பல்கலைக்கழகத்துடையது. விவகாரம் வெடித்ததும் பல்கலைக்கழகமே போலீஸில் புகார் கொடுத்தது, கைதும் நடந்தது. பல ஆண்டுகளாக மேடைகளிலேயே வாழ்ந்தவர்களையே நம்ப வைக்க முடிந்ததென்றால், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு பள்ளி ஆசிரியரையோ, ஆட்டோ ஓட்டுநரையோ நம்ப வைப்பது என்ன பெரிய வேலை? ஆகவே ஏமாந்த பெற்றோரைப் பார்த்து “இவ்வளவு படிச்சும் இப்படியா?” என்று கேட்பதை முதலில் நிறுத்துவோம்.

நிஜமான நிறுவனங்களின் பெயரையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. பெரிய படமொன்றின் அறிவிப்பு வந்த மறுநாளே, அந்தப் படத்துக்குக் குழந்தை நட்சத்திரம் தேவை என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் சுற்ற ஆரம்பித்துவிடும். தங்கள் பெயரைச் சொல்லி நடிகர் தேர்வு நடத்துபவர்களை நம்ப வேண்டாம் என்று கமல்ஹாசனின் ராஜ்கமல் பிலிம்ஸ் இன்டர்நேஷனலே பொது அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது.

அன்று கம்பெனி சோறு போட்டது

குழந்தைகளை நடிக்க அனுப்பும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டன. எம்.ஜி.ஆர். ஏழெட்டு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். சிவாஜியும் சிறுவனாகவே நாடகக் குழுவுக்குப் போனவர்தான். அந்தக் கம்பெனிகளில் அடி உண்டு, கண்டிப்பு உண்டு, பள்ளிக்கூடம் கிடையாது. அதை யாரும் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. வேலை செய்த பையனுக்குக் கம்பெனி சோறு போட்டது, சம்பளம் கொடுத்தது. வறுமையில் இருந்த வீட்டில் சாப்பிட ஒரு வாய் குறைந்தது.

சினிமாவிலும் அப்படித்தான். ஏவி.எம். தயாரிப்பில் 1960-ல் வந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் கமல்ஹாசன் அறிமுகமானபோது, அவர் கையில் போர்ட்ஃபோலியோ எதுவும் இல்லை. குடும்பத்துக்குத் தெரிந்த மருத்துவரோடு ஏவி.மெய்யப்பன் வீட்டுக்குப் போன பிள்ளை, அங்கிருந்தவர்கள் கண்ணில் பட்டார். படத்தில் நடித்து ஜனாதிபதி விருதும் வாங்கினார். ஐம்பது வருடத்துக்கும் மேல் கழித்து எம்.மணிகண்டன் ‘காக்கா முட்டை’ எடுத்தார். அந்தப் படத்துக்காக 2015-ல் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருது வாங்கிய ரமேஷும் விக்னேஷும் சென்னைக் குப்பத்தில் வளர்ந்த பிள்ளைகள். இயக்குநர் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். அவர்களுடைய அப்பா அம்மா யாருக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டவில்லை.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடிக்கும் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஒரு குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தயாரிப்பாளர் அந்தக் குழந்தைக்குச் சம்பளம் கொடுப்பார். நேர்மையான கோஆர்டினேட்டர் தனக்கான கமிஷனை வேலை கிடைத்த பிறகு, வந்த சம்பளத்திலிருந்துதான் எடுப்பார். அப்படிப்பட்ட கோஆர்டினேட்டர்கள் கோடம்பாக்கத்தில் நிறையவே இருக்கிறார்கள், மரியாதையாகத் தொழில் செய்கிறார்கள். வேலை கிடைப்பதற்கு முன்னாலேயே காசு கேட்பவருக்கு, உங்கள் குழந்தைக்கு வேலை கிடைக்கிறதா இல்லையா என்பதில் எந்த அக்கறையும் இருக்க நியாயமில்லை. அவருடைய வருமானம் நீங்கள்தான். குழந்தைக்கு வாய்ப்பு கிடைத்துவிட்டால் அடுத்த ஃபீஸை உங்களிடம் கேட்க முடியாது.

பலருக்கும் தெரியாத சட்டம்

நம் நாட்டில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கவே கூடாது. 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது இந்தத் தடை எல்லா வேலைகளுக்கும் விரிந்தது. அதில் கொடுக்கப்பட்ட விலக்குகளில் ஒன்றுதான் சினிமா, சீரியல், விளம்பரம் ஆகியவற்றில் கலைஞராக நடிப்பது. ஆனால் அது சும்மா கிடைத்த விலக்கல்ல. 2017-ல் வந்த விதிகள் அதற்குக் கடுமையான நிபந்தனைகளை வைத்திருக்கின்றன.

படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி வாங்க வேண்டும். நடிக்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் ஒப்புதல், பாதுகாப்புக்குப் பொறுப்பான நபரின் பெயர் எல்லாம் கொடுத்து உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. படிப்பு கெடக் கூடாது. குழந்தைக்கு இஷ்டமில்லாமல் நடிக்க வைக்கவே கூடாது. இன்னொன்று, பெற்றோர் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது: குழந்தை சம்பாதிக்கும் பணத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தையின் பெயரிலேயே வைப்புநிதியாக நேரடியாகப் போட வேண்டும். 18 வயதானதும் அது குழந்தையின் கைக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு பையனின் கண்ணீர்க் கதை இருக்கிறது. 1921-ல் சார்லி சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்து உலகையே உருக வைத்த ஜாக்கி கூகன், வளர்ந்து பெரியவரானபோது தன் சம்பாத்தியத்தைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார். நீதிமன்றம் போனார். லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தவருக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பங்கு. அதன் விளைவாக 1939-ல் கலிஃபோர்னியா தனிச் சட்டம் கொண்டுவந்தது. குழந்தையின் பணம் குழந்தைக்கே என்ற எண்ணம் சட்டமானது அங்கிருந்துதான்.

நம்முடைய 2017 விதிகளைப் பெற்றோர் கையில் இருக்கும் உரைகல்லாகவே நான் பார்க்கிறேன். “செலக்ட் ஆயிட்டா” என்று சொல்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். “கலெக்டர் பர்மிஷன் எந்த மாவட்டத்துல வாங்கியிருக்கீங்க? எஃப்.டி. எந்த பேங்க்ல போடுவீங்க?” நிஜமாகவே படமோ விளம்பரமோ எடுப்பவருக்கு இது தினசரி வேலை. நாளைக்கு ஆதார் நகலும் பள்ளிக்கூடக் கடிதமும் கொண்டுவாருங்கள் என்பார். ஏமாற்றுபவருக்கு இந்தக் கேள்வியே புரியாது. “அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம்” என்று பேச்சை மாற்றுவார். அந்த இடத்தில் எழுந்துவிடலாம்.

‘சங்க கார்டு’க்குப் பணம் கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. தி.நகரிலேயே இருக்கும் நடிகர் சங்கத்துக்கு நடந்து போய், இந்த நிறுவனத்தைத் தெரியுமா, குழந்தைக்கு அப்படி ஒரு கார்டு தேவையா என்று கேட்டுவிடுங்கள். ஆடிஷன் ஏதாவது சேனல் பெயரில் நடந்தால், அந்தச் சேனலின் அலுவலகத்திலேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

செல்போனுக்குள் வரும் ஆடிஷன்

இப்போது மாடிப்படி ஏற வேண்டிய அவசியமும் இல்லை. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘குழந்தை மாடல் தேவை’ என்று பிரபல பிராண்டின் லோகோவோடு விளம்பரம் வரும். படத்தை அனுப்பினால் உடனே ‘தேர்வு’. டெலிகிராம் குரூப்பில் சேர்ப்பார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் ‘பெற்றோர்கள்’ எல்லாம் அவர்களுடைய ஆட்கள்தான். அடுத்த சுற்றுக்குப் போக, அந்த பிராண்டின் பொருளை வாங்கி விற்பனையை உயர்த்திக் காட்ட வேண்டும், பணம் கமிஷனோடு திரும்ப வரும் என்பார்கள். முதல் இரண்டு தடவை சின்னத் தொகை உண்மையாகவே திரும்ப வரும். அதற்குப் பிறகு கட்டுவது வராது. சிங்கப்பூரில் இந்த வலையில் விழுந்து பெருந்தொகை இழந்த பெற்றோர் பலர். அந்நாட்டுக் காவல்துறை இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. இந்தியாவிலும் இதே பாணியில் புகார்கள் வந்திருக்கின்றன.

இதில் பணத்தைவிட எனக்குப் பயம் தருவது படங்கள். குழந்தையின் பெயர், வயது, பள்ளி, வீட்டு முகவரி, விதவிதமான உடையில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாமே அனுப்பிவைக்கிறோம். 2022-ல் சேலத்தில், சினிமா வாய்ப்பு என்று விளம்பரம் செய்து அலுவலகம் நடத்திவந்த ஒருவரை போலீஸ் கைது செய்தது. நடிக்கும் ஆசையோடு வந்த ஏராளமான பெண்களின் ஆபாசப் படங்களும் வீடியோக்களும் அங்கே கைப்பற்றப்பட்டன. வந்தவர்கள் வளர்ந்த பெண்கள், அவர்களுக்கே அந்த நிலைமை. ‘லுக் டெஸ்ட்’ என்று சொல்லி உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே அழைத்தால், ஒரு நிமிடம்கூட சம்மதிக்காதீர்கள். நீச்சல் உடையில் படம் கேட்டால் அந்தக் கணமே தொடர்பைத் துண்டித்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள்.

ஏமாந்தவர் வாய் திறக்காத ஊர்

இந்தத் தொழில் இவ்வளவு காலம் ஓடுவதற்கு முக்கியக் காரணம், ஏமாந்த குடும்பங்களின் மௌனம். சொந்தக்காரர்களிடம், அக்கம்பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் ‘பாப்பா நடிக்கப் போறா’ என்று சொல்லியாகிவிட்டது. இப்போது ஏமாந்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? புகார் கொடுத்தால் உண்மையான வாய்ப்பும் கெட்டுப்போகுமோ என்ற பயம் வேறு. வீட்டுக்குள் அப்பா அம்மாவைக் குறை சொல்வார், அம்மா அப்பாவைக் குறை சொல்வார். நடுவில் அந்தக் குழந்தை. “நான் சரியா நடிக்கலையாம்மா? அதான் கூப்பிடலையா?” என்று கேட்கும். ஏமாற்றியவர்கள் கொள்ளையடித்ததில் திரும்பக் கிடைக்காதது குழந்தையின் இந்தத் தன்னம்பிக்கை ஒன்றுதான். அந்தக் குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: தப்பு உன்மேல் இல்லை, அவர்கள் பொய் சொன்னார்கள் என்று. ஏழு வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே புரியும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. ஆன்லைனில் அனுப்பியிருந்தால், தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. நேரில் கட்டியிருந்தால், ரசீதில் ‘பயிற்சி’ என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், போனில் பதிவான பேச்சு என வாயால் சொன்னதற்கு ஆதாரம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். பொய் வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின்படி மோசடி. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உள்ளூர் நிலையத்தில் கைவிரித்தால், வேப்பேரியில் காவல் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே நிறுவனத்திடம் ஏமாந்த நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போனால், ‘சிவில் விவகாரம்’ என்ற பேச்சு எடுபடாது.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஹாலிவுட் இருக்கும் கலிஃபோர்னியாவில் 2010-லிருந்து ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. நடிப்பு வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்குவதே அங்கே குற்றம். நடிப்புப் பயிற்சி நிலையம் நடத்த வேண்டுமென்றால்கூட 50,000 டாலருக்கு அரசிடம் உத்தரவாதப் பத்திரம் கொடுக்க வேண்டும். இந்தியாவில் நடிகர் தேர்வு முகவர்களைக் கட்டுப்படுத்த இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஒரு மேஜை, ஒரு ரிங் லைட், ஒரு விசிட்டிங் கார்டு இருந்தால் யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம்.

இந்தியத் திரையுலகின் பெரிய தலைநகரங்களில் ஒன்று சென்னை. இப்படி ஒரு சட்டத்துக்கு வழிகாட்டத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான மாநிலம் வேறு எது? சட்டம் வரும்வரை காத்திருக்காமல் உடனே செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. குழந்தைகள் நடிக்க எந்தெந்தத் தயாரிப்பு நிறுவனங்கள் அனுமதி வாங்கியிருக்கின்றன என்ற விவரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் இருந்தாக வேண்டும். குழந்தைகளின் பெயரை விட்டுவிட்டு, நிறுவனங்களின் பெயரை மட்டும் மாதந்தோறும் மாவட்ட இணையதளத்தில் வெளியிடட்டும். தி.நகரில் ஏதோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, பணம் கட்டுவதற்கு முன்னால் தன் செல்போனில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள முடியும். சென்னை மாவட்ட ஆட்சியரும் தொழிலாளர் நலத்துறையும் இந்த ஒரு காரியத்தை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.